வெட்டாமல் விட்ட கொடி

எனக்குக் கோபம் வரும். வந்தால் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும். கம்பத்துக்கு வெளியே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. அந்தப் பந்தலுக்கு அடியில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால் கிளிகள் பறக்கும், வேலைக்கு வந்தவர்கள் நிமிர்வார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் காதில் விழாதவர்போல மோட்டார் ரூம் பக்கம் நடையைக் கட்டுவார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு நாளும் திருப்பிச் சத்தம் போட்டதில்லை. இப்படிப்பட்ட நான் ஐம்பத்தேழு வயதில் கண்ணை மூடி உட்கார்ந்து தியானம் பழகினேன் என்றால் எங்கள் தெருவில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

ஆசைப்பட்டுப் போகவில்லை. போகாவிட்டால் பார்வை போய்விடும் என்கிற நிலைமை வந்தது, அதனால் போனேன்.

என் இடது கண் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே கெட்டுப்போனது. பந்தலுக்குக் கம்பியை இழுத்துக் கட்டும்போது ஒரு முனை தெறித்து முகத்தில் அடித்தது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும், அவ்வளவுதான். மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு சமைத்தேன், வண்டி ஓட்டினேன், கவாத்தும் வெட்டினேன். கவாத்து என்பது காய்ப்பு முடிந்த கொடியின் கிளைகளை அளவாக வெட்டிவிடுவது. எங்கள் பக்கம் அது ஆண்கள் வேலை. ஆள் கிடைக்காத ஒரு வருஷம் நானே கத்திரியை எடுத்தேன். முதல் நாள் சிரித்தவர்கள் அடுத்த காய்ப்பைப் பார்த்துவிட்டு, எங்கள் தோட்டத்துக்கும் வர்றீகளா என்று கேட்டார்கள்.

வேலை இதுதான். தலைக்கு மேலே பந்தலில் ஓடும் கிளையை இடது கையால் பிடிக்க வேண்டும். அடியிலிருந்து கணுக்களை எண்ண வேண்டும். எங்கள் கொடிக்கு நாலு. ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, வெட்டு. அடுத்த கிளை. ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, வெட்டு. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை இப்படி எண்ணியிருப்பேனோ தெரியாது. வெட்டாமல் விட்டால் கிளை இஷ்டத்துக்கு ஓடும், இலையாகத் தள்ளும், காய்க்காது.

அந்த வலது கண்ணில் புரை வந்தது. முதலில் பாலாடை படிந்த மாதிரி இருந்தது, பிறகு கணுவே தெரியவில்லை. தடவித் தடவி வெட்டினேன். மூன்று வரிசையில் மூணாவது கணுவிலேயே வெட்டித் தொலைத்திருக்கிறேன், காய் வந்தபோதுதான் தெரிந்தது. அந்த வரிசைகளைப் பார்த்து நான் அழுதேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், புருஷன் முன்னால்கூட அழாத நான் திராட்சைக் கொடி முன்னால் நின்று அழுதேன்.

தேனியில் கண் டாக்டர் நல்ல மனுஷர். புரையை எடுத்துவிடலாம், சின்ன வேலைதான், ஆனால் இருக்கிறது ஒரே கண், அதனால் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார். மயக்கம் கொடுத்துச் செய்யுங்கள் என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு மூச்சிரைப்பு உண்டு, போதாததற்குப் பிரஷரும் ஏறிக்கிடந்தது. இந்த உடம்புக்கு முழு மயக்கம் வேண்டாம், கண்ணை மட்டும் மரக்க வைத்தால் போதும் என்றார்.

அன்றைக்கு மேஜையில் படுத்தேன். கண்ணுக்கு மட்டும் துளை வைத்த துணியை முகத்தில் போட்டார்கள். மேலே ஒரு வெளிச்சம். ஏதோ ஒன்று கண்ணை நோக்கி வருகிறது என்று தோன்றியதுதான் தெரியும். துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தேன். நர்ஸின் மூக்குக் கண்ணாடி கீழே கிடந்தது. நல்லவேளையாக டாக்டர் அதுவரை எதையும் தொடவில்லை. அவர் கோபிக்கவில்லை. துணிக்கு அடியில் இருபது நிமிஷம் அசையாமல் படுக்கப் பழகிக்கொண்டு ஒன்றரை மாதம் கழித்து வாருங்கள், ரொம்பத் தள்ளிப்போட்டால் புரை இறுகிவிடும் என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது சின்னமனூர் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கூட வந்த என் வீட்டுக்காரரும் திறக்கவில்லை, அவருக்கு அது வழக்கம்தான்.

அந்த நர்ஸ்தான் வழி சொன்னது. கம்பத்தில் ஒரு உரக்கடை மாடியில் மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் காலையில் தியானமும் சொல்லிக்கொடுக்கிறதாம். போய்ப் பார்த்தால் என் மகள் வயதுகூட இல்லை. ஆறேழு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உத்தமபாளையத்திலிருந்து ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு பாய் வருவார். ராத்திரியில் தூக்கமில்லை என்று வந்தவர், உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை விடுவார். தியானத்தால் உடம்புக்கு நன்மை உண்டா என்று யாராவது கேட்டால் அந்தப் பெண் அவரைக் கைகாட்டும்.

ஊதுபத்தி, மந்திரம் எதுவும் கிடையாது. மூச்சை விடும்போது எண்ண வேண்டும். ஒன்றிலிருந்து பத்து, மறுபடியும் ஒன்று. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு மெதுவாகும் என்று விளக்கியது. மூளையிலிருந்து வயிறு வரைக்கும் இறங்குகிற ஒரு நரம்பு இருக்கிறதாம், அது உடம்பைப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை, அமைதியாக இரு என்று சொல்லுமாம். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஒரு இடம் இருக்கிறதாம், ஆபத்து ஆபத்து என்று கூப்பாடு போடுவது அதன் வேலையாம். அப்படியானால் அதுதான் நான் என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, நாள்பட உட்கார்ந்தால் அந்தக் கூப்பாடு குறைகிறது என்று சிலர் ஆராய்ந்து சொல்கிறார்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை வந்தது.

நாலைந்து நாள் போனது. ஒரு நாள் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து குந்தியது.

"அம்மா, வலது கையில என்ன?"

ஒன்றுமில்லையே என்றேன். அது தன் செல்போனில் என்னைப் படம் பிடித்திருந்தது. செல்லைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாமிமாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நாலு மூச்சுக்கு ஒரு தடவை என் வலது கை வெடுக்கென்று மூடித் திறக்கிறது. மூடும்போது தோள் குலுங்குகிறது, தலையும் சேர்ந்து ஆடுகிறது. பத்துவரை எண்ணுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கை என்னைக் கேட்காமல் நாலில் வெட்டிக்கொண்டிருக்கிறது. கவாத்து வெட்டுகிறேன் தாயி என்று சொல்லிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்த பாய் எழுந்துவிட்டார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆபரேஷன் மேஜையில் இப்படி ஒரு வெட்டு வெட்டினால் என்ன ஆகும் என்று அது யோசித்துவிட்டது. நான் யோசிக்கக் கொஞ்ச நேரமானது. யோசித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

கையை மல்லாக்க வைத்துப் பார்த்தேன். தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அதுதான் நசுங்கியது. கடைசியில் அந்தப் பெண் சொன்னது, கையோடு சண்டை போடாதீர்கள், நாலு வரும்போது வெட்டத் தோன்றும், தோன்றட்டும், வெட்டாமல் விட்டுப் பாருங்கள் என்று. கேட்க லேசாக இருக்கிறது. திராட்சைக்காரியிடம் வெட்டாமல் விடு என்றால் எப்படியிருக்கும்? நாலைத் தாண்டி அஞ்சு என்று எண்ணியதும் எனக்கு நெஞ்சு பதறும். மனசுக்குள் ஒரு கொடி வீணாக ஓடுவது தெரியும். எரிச்சல் பொங்கிக்கொண்டு வரும். அந்த எரிச்சலோடேயே உட்காருங்கள், உங்களுக்கு அதுதான் தியானம் என்றது அந்தப் பெண்.

வீட்டில் படுத்துப் பழக முடியவில்லை. ஒன்று மாற்றி ஒன்று சத்தம். அதனால் தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் சாக்கை விரித்து, முகத்தில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாக்கப் படுத்தேன். கைகள் ரெண்டும் நேராக, கால் ரெண்டும் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் எப்படியோ அப்படியே. மூணாவது நாள் ஓரளவுக்குக் கை அடங்கியிருந்த நேரம், களை எடுக்க வந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். தோட்டத்துக்காரி மல்லாந்து கிடக்கிறாள், முகத்தில் வெள்ளைத்துணி, சத்தம் இல்லை. என்னிடம் சத்தம் இல்லை என்பதே அவர்களுக்குப் போதுமான சாட்சி.

"ஏ ஆத்தா, அக்கா போயிட்டாகளே" என்று ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் உடனே எழுந்திருக்கலாம். ஆனால் அப்போது எண்ணிக்கை ஏழில் இருந்தது, அதுவரை கை வெட்டாமல் நான் ஏழுவரை போனதே இல்லை, விட மனசில்லை. அதற்குள் ஒருத்தி ஒப்பாரிக்கே போய்விட்டாள். கோபக்காரியானாலும் கூலியைப் பிடிக்க மாட்டாள், வயிறாரக் காப்பி கொடுப்பாள் என்று ராகம் போட்டுப் பாடினாள். பத்து முடிந்ததும் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பாதிப் பேர் வாய்க்கால்வரைக்கும் ஓடிப்போனார்கள். மீதிப் பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். திட்டவில்லை. திட்டாததால் எனக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்று ஊருக்குள் சேதி பரவியது.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் காவலுக்கு வந்தார். நான் படுத்திருப்பேன், அவர் தலைமாட்டில் தண்ணீர்க் குழாய்மேல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் கையைக் காட்டிப் போகச் சொல்வார். ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் துண்டுக்கு அடியில் நான் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் வந்தது.

"அன்னைக்கு அந்தக் கம்பிய இழுத்தது நான்."

எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அவர் இழுத்தார், நான் முனையைப் பிடித்திருந்தேன், கம்பி தெறித்தது. வேண்டுமென்று யார் செய்வார்கள்? உப்புக்கும் புளிக்கும் சத்தம் போடுகிற நான் அதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது பெரிய மனசு என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ அதுக்கும் சத்தம் போட்டிருக்கலாம் புள்ள" என்றார்.

என் முகத்தில் துணி இருந்ததால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். துணிக்கு அடியில் என் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு ஓடியது. எழுந்து ஏதாவது சொல்லத் தோன்றியது. சொன்னால் அதுவும் சத்தமாகத்தான் வந்திருக்கும். படுத்தபடியே வலது கையை மட்டும் நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எத்தனை எண்ணினேன் என்று நினைவில்லை, ஆனால் அந்தக் கை வெட்டவில்லை.

அந்த ஒன்றரை மாதத்தில் உடம்பில் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. விரலில் மாட்டுகிற கருவியை அந்தப் பெண் தினமும் மாட்டிப் பார்க்கும். உட்காரும்போது தொண்ணூறைத் தாண்டித் துடிக்கிற நாடி, எழுந்திருக்கும்போது எழுபத்தைந்துக்கு வந்துவிடும். படுத்தால் புரளாமல் தூங்கினேன். சாப்பிட்டது செரித்தது. மாத்திரையோடு சேர்ந்து பிரஷரும் கொஞ்சம் இறங்கியது. கோபம் போய்விடவில்லை. கோபம் வருவதற்கும் வாய் திறப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு இடம் கிடைத்தது. அந்த ஒரு மூச்சில் பாதிக் கோபம் சப்பென்று போய்விடும். மீதிப் பாதிக்கு நன்றாகவே சத்தம் போட்டேன், அதை விட முடியாது.

மறுபடியும் தேனி. மறுபடியும் அந்த மேஜை, அந்தத் துணி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடு தாயி என்று நர்ஸிடம் நானே சொன்னேன். என் நெஞ்சுத் துடிப்பு ஒரு மெஷினில் கீக் கீக் என்று வெளியே கேட்டது. துணி முகத்தில் விழுந்ததும் அந்தச் சத்தம் தறிகெட்டு ஓடியது. பாதாம்பருப்பு கூப்பாடு போடுகிறது, போடட்டும் என்று மூச்சை விட்டேன். ஒன்று. ரெண்டு. மூணு. நாலு வந்தபோது விரல் துடித்தது. வெட்டவில்லை. அஞ்சு. கொடி பந்தலில் ஓட ஆரம்பித்தது. பத்தில் நிறுத்தி மறுபடியும் ஒன்றுக்கு வர வேண்டும் என்பது பாடம். நான் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று அதன் போக்கில் விட்டேன். கொடி எங்கள் வரிசையை முடித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்து வேலியில் ஏறியது. வாய்க்காலைத் தாண்டியது. கண்ணுக்குமேல் ஏதேதோ நிறங்கள் வந்து போயின, தண்ணீர் ஓடியது, டாக்டர் யாரிடமோ எதையோ கேட்டார். கொடி குமுளி ரோட்டைக் கடந்து, ஜீப்புகளோடு வளைந்து வளைந்து மலையேறியது. காய்க்காத கொடி, வெறும் இலை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கொடி இஷ்டத்துக்கு ஓடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மெஷின் சத்தம் நடந்து போகிற வேகத்துக்கு இறங்கியிருந்தது. தொண்ணூற்றாறு எண்ணும்போது துணியை எடுத்தார்கள்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றார் டாக்டர். "கல்லு மாதிரி இருந்தீங்க."

கட்டுப் போட்டுவிட்டார்கள். இருந்த ஒரு கண்ணையும் மூடியாயிற்று, அதனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் இட்லியைப் பிட்டு ஊட்டினார், தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். எனக்கு அப்போது எந்தக் கவலையும் இல்லை. காலையில் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி என்று ஒரு நிம்மதி வந்திருந்தது. தியானத்தால் வந்ததா, களைப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

காலையில் கட்டைப் பிரித்தார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது. இவ்வளவு வெள்ளை இருக்கிறது என்பதையே மறந்துபோயிருந்தேன். எழுத்துப் பலகையில் நாலு வரி படித்தேன். அஞ்சாவது வரியை டாக்டர் கேட்கவில்லை, நானே படித்தேன். தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கதவோரம் அவர் நின்றார்.

முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிற மனுஷர். மெலிந்த கழுத்து. அந்தக் கழுத்தில் ஒரு நரம்பு தோலைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. ஓடி வந்தவனுக்கு அடிப்பதுபோல அடித்தது. சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். உதடு வெளுத்துக் கிடந்தது. நான் பார்க்கிற பார்வையைப் பார்த்துவிட்டு நர்ஸே அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தது. நூற்றெண்பது. எனக்குக்கூட அவ்வளவு ஏறியதில்லை. எப்போதிருந்து இப்படி என்று கேட்டால், தெரியல, பார்த்ததில்லையே என்கிறார். என்னை மட்டும் எத்தனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

கோபம் வந்தது. ஒரு மூச்சு இடம் கிடைத்தது. அதற்கப்புறம் வந்தது கோபமில்லை, பயமும் பிரியமும்தான். டாக்டர் மாத்திரை எழுதப் போனார். நான் கட்டிலைவிட்டு இறங்கி என் வீட்டுக்காரரைப் படுக்கச் சொன்னேன். எனக்கு ஒண்ணுமில்ல புள்ள, நீ படு என்றார்.

"படுங்க. கண்ண மூடுங்க. மூச்ச விடுறப்ப நான் எண்ணுறேன்."

படுத்தார். எனக்குத் தெரிந்தவரையில் அதுவரை யாரிடமும் அவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை. ஒன்று என்றேன். ரெண்டு என்றேன். நாலு வந்தது, நான் பாட்டுக்குத் தாண்டிப் போனேன். முதலில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருபதுக்குமேல் போனபோது, அந்த நரம்பு ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்தேன். கையை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண்ணால் பார்த்தேன்.